அன்னாசித் தோலும் ஆட்டுத் தீவனமும்

(குளுவாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



நமது ஜொகூர் மாநிலத்தில் ரப்பருக்கும் அன்னாசிக்கும் உள்ள உறவு பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இளம் ரப்பர் மரங்கள் பால் தரும் பருவத்தை எய்தும்வரை, அவற்றின் இடைவெளியில் அன்னாசியை நட்டு வருவாய் தேடினர். பின்னர் அன்னாசி சதுப்பு நிலங்களில் தனிப்பயிராக வளர்ந்தது. நமது குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிம்பாங் ரெங்கம் வட்டாரம் அன்னாசிக்குப் பெயர் பெற்றது.

ரப்பர் மரங்களின் கீழ்ச் செம்மறியாடு வளர்ப்பதும் நமக்குப் புதியதன்று. 1970களில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதனை ஆராய்ந்தது. ஆடுகள் களையைத் தின்றமையால் களையெடுப்புச் செலவு குறைந்தது. ஆயினும் மரங்கள் வளர்ந்து நிழல் அடர்ந்ததும் கீழே புல் குன்றிவிடுகின்றது. அப்போது ஆட்டுக்கு வேறு தீவனம் தேடவேண்டியதாகின்றது.

அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும்போது தோல், நடுத்தண்டு, கொண்டை என ஏறக்குறையப் பாதியளவு கழிவாகின்றது. குவித்து வைத்தால் ஓரிரு நாளில் புளித்து, ஈ மொய்த்து, வடியும் நீர் ஓடையையும் கெடுக்கும். இக்கழிவைச் செம்மறி விரும்பி உண்ணும். ஆனால் இதன் இயல்பை அறிந்தே ஊட்டுதல் வேண்டும்.

பச்சைத் தோல் 100 கிலோவில் 80 கிலோவுக்கு மேல் நீரே. எஞ்சியதில் சர்க்கரையும் நாரும் மிகுதி. தசை வளர்க்கும் புரதமோ மிகக் குறைவு. இதனை மட்டும் தின்னும் ஆட்டின் வயிறு நிறையும், உடல் தேறாது. திடீரென அளவின்றித் தின்றால் வயிற்றில் புளிப்பு மிகுந்து கழிச்சல் கண்டு, உயிருக்கே கேடு நேரலாம்.

ஆகவே முதலில் தோலைப் பதப்படுத்துவோம். விரற்கடை அளவாக நறுக்கி, நீர் வடியவிட்டு, நான்கு பங்கு தோலுக்கு ஒரு பங்கு காய்ந்த புல் சேர்த்துக் கலக்குக. மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றுப் புகாதவாறு மிதித்து இறுக்கி மூடிவைக்க. மூன்று வாரங்களில் இது ஊறுகாய்போல் இனிய புளிப்பு மணம் பெறும். தமிழகத்தில் இம்முறையில் பதப்படுத்திய தீவனத்தை ஊறுகாய்ப்புல் என்பர். பூஞ்சை படர்ந்த பகுதியை எறிந்துவிடுக. களைக்கொல்லியோ அமிலமோ இருந்த பீப்பாய், எத்தனை முறை கழுவினாலும் இதற்கு ஆகாது.

முதல் நாள் ஒரு கைப்பிடி கொடுத்து, இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுக. 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டா. எஞ்சிய பசிக்குப் புல்லும் தழையும் கொடுக்க வேண்டும்.

குறைந்த புரதத்தை எதைக்கொண்டு நிரப்புவது? இளம் ரப்பர் நிரைகளில் மண்ணைக் காக்கப் படரவிடும் பியூரேரியாக் கொடியும், வேலியில் வளரும் கிளிரிசிடியாத் தழையும் புரதம் நிறைந்தவை. தோட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்று அறுக்கலாம். களைக்கொல்லி தெளித்த இடத்தை மட்டும் தொடாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கின்றது; மாட்டுக்கு ஏற்றது. அதனையே செம்மறிக்கும் அள்ளிப் போடலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். அப்பிண்ணாக்கில் செம்பு என்னும் தாது மிகுதி. மாட்டைவிடச் செம்மறி அதனை மிகக் குறைந்த அளவே தாங்கும். மிகுதி ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். பல வாரங்கள், ஏன், சில மாதங்கள்கூட எந்தக் குறியும் தோன்றாது; ஆடு கொழுத்தே காணப்படும். பின் ஒருநாள் கண்ணும் ஈறும் மஞ்சளித்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, சில நாளில் ஆடு மாண்டுபோகும். குறி தெரிந்தபின் காப்பது அரிது. மாட்டுக்கென விற்கும் தாதுக் கலவைகளிலும் இவ்வாபத்து உண்டு. ஆகவே கால்நடை அதிகாரியிடம் அளவு கேளாமல் இவற்றைச் செம்மறிக்குக் கொடுத்தல் ஆகாது.

குளுவாங்கிலேயே மலேசியக் கால்நடை மருத்துவக் கழகம் இயங்குகின்றது. மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தை அணுகி ஆலோசனை கேட்க நாம் தயங்க வேண்டியதில்லை.

பால்வெட்டுக் கூலி மழைநாளில் குறைகின்றது. பள்ளி திறக்கும் மாதத்தில் செலவு கூடுகின்றது. அவ்வேளையில் பட்டியிலுள்ள இரண்டு ஆடுகள் ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காக்கும். வீணாகும் தோலை அளவறிந்து ஊட்டி, அச்செல்வத்தைப் பேணுவோமாக.