பிகாச்சுவின் இரண்டு குரல்கள்

இருபது வருஷமாக டப்பிங் தியேட்டரில் மைக் முன்னால் நின்று பேசி வருகிறவள் நான். என் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் உங்கள் வீட்டில் கார்ட்டூன் பார்க்கும் குழந்தைகள் இருந்தால், ஏதோ ஒரு அணிலாகவோ ஆமைக்குட்டியாகவோ என் குரல் உங்கள் கூடத்துக்குள் வந்துபோயிருக்கும்.

கார்ட்டூனில் நாம் கொண்டாடும் ஒரு பிராணியை, நிஜ மனிதர்கள் நடிக்கும் படத்துக்குள் எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று இன்று பேசவேண்டும். நான் எடுத்துக்கொண்ட படம் 2019-இல் வந்த 'போக்கிமான் டிடெக்டிவ் பிகாச்சு'. ராப் லெட்டர்மேன் இயக்கிய துப்பறியும் படம்.

பிகாச்சுவைத் தெரியாத பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. மஞ்சள் உடம்பு, நீண்ட காது, மின்னல் மாதிரி மடங்கிய வால், சிவந்த கன்னம். கோபம் வந்தால் அந்தக் கன்னத்திலிருந்து மின்சாரம் பாயும். உயரம் 40 சென்டிமீட்டர், எடை 6 கிலோ. 1996-இல் ஜப்பானில் கையடக்க வீடியோ கேமில் பிறந்து, 1997 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்தது.

தொலைக்காட்சிக்கு வந்தபோது அதற்கு ஒரு குரல் கிடைத்தது. இக்குவே ஓட்டானி என்ற ஜப்பானிய டப்பிங் கலைஞரின் குரல். அவருக்குக் கிடைத்த வசனம் என்ன தெரியுமா? "பிகா", "பிகாச்சு". அவ்வளவுதான். பசி, பயம், பொறாமை, நண்பனைப் பிரியும் வலி எல்லாவற்றையும் இந்த நான்கு எழுத்துக்குள்தான் சொல்லவேண்டும். போக்கிமான் தொடர் எத்தனையோ மொழிகளுக்குப் போனது. மற்றப் பாத்திரங்களுக்கு ஊருக்கு ஊர் குரல் மாறியது. பிகாச்சுவுக்கு மட்டும் பெரும்பாலான மொழிகளில் ஓட்டானியின் குரலையே அப்படியே வைத்துக்கொண்டார்கள். என் தொழிலில் இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரிந்து இல்லை.

இது எவ்வளவு கடினம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பல வருஷம் முன்பு ஒரு தொடரில் கரடிக்குட்டிக்குப் பேசினேன். அதற்கும் பேச்சு வராது, இரண்டு எழுத்துச் சத்தம்தான். காணாமல் போன தாய் திரும்பி வரும் காட்சி. ஏழு டேக் கொடுத்தேன், ஏழும் சரிவரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் தம்பி சொன்னான்: "அக்கா, சந்தோஷம் வந்துடுச்சு. ஆனா அது இவ்வளவு நாள் காத்துக்கிட்டு இருந்துச்சே, அது வரலை." எட்டாவது டேக்கில், சத்தம் கொடுப்பதற்கு முன்னால், அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டேன். ஓகே ஆனது. ரியாக்‌ஷன் கொடுப்பது என்று நாங்கள் சொல்வதில் பாதி, மூச்சுதான் நேயர்களே. வசனம் இருந்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம். அது இல்லாதபோது நம் கையில் இருப்பது மூச்சு மட்டும்.

அதனால்தான் பிகாச்சுவைப் பேச வைப்பது ஆபத்தான காரியம். 2017-இல் வந்த ஒரு போக்கிமான் கார்ட்டூன் படத்தில், தன் நண்பனிடம் பிகாச்சு மனித மொழியில் ஓரிரு வார்த்தை பேசியது. உருக்கமான காட்சி. அப்படியும் வருஷக்கணக்கில் அதை நேசித்தவர்களில் பலர் திடுக்கிட்டுப் போனார்கள். அப்படியிருக்க, இந்தத் துப்பறியும் படத்தில் அது வாய் ஓயாமல் பேசுகிறது! துப்பறிவாளர் தொப்பி போட்டுக்கொண்டு, காபி மேல் காபியாகக் குடித்துக்கொண்டு, ரையன் ரெனால்ட்ஸின் குரலில் பேசுகிறது. அவர் குரல் கொடுத்ததோடு நிற்கவில்லை. அவர் முக அசைவுகளையும் பதிவுசெய்து பிகாச்சுவின் முகத்துக்குக் கொடுத்தார்கள்.

இங்கேதான் நான் நிற்க விரும்புகிறேன். சின்னப் பிராணி என்றால் கீச்சுக்குரல். எங்கள் தியேட்டரில் இது எழுதாத சட்டம். நான் முதல்முதலில் அணிலுக்குப் பேசப் போனபோது, "இன்னும் மெல்லிசா, இன்னும் மெல்லிசா" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. ரெனால்ட்ஸோ தன் சொந்தக் குரலிலேயே பேசுகிறார். முழங்கால் உயரப் பிராணிக்கு, நாற்பது வயது ஆண்பிள்ளைக் குரல். அந்தப் பொருந்தாமையைப் பார்த்துச் சினிமா அரங்கே சிரிக்கிறது. நகைச்சுவைக்காகச் செய்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

கதை இதுதான். மனிதர்களும், பிகாச்சு போன்ற போக்கிமான் பிராணிகளும் அக்கம்பக்கத்தாராக வாழும் ரைம் நகரம். அங்கே ஹாரி என்ற துப்பறிவாளர் ஒரு விபத்துக்குப் பிறகு காணவில்லை. தாயை இழந்து, அப்பாவிடமிருந்து விலகி, பாட்டியிடம் வளர்ந்த மகன் டிம் வருகிறான். அப்பாவின் வீட்டில் நினைவிழந்த ஒரு பிகாச்சு இருக்கிறது. அது பேசுவது டிம் ஒருவனுக்குத்தான் புரிகிறது. மற்றவர்கள் காதில் விழுவது "பிகா பிகா" மட்டும், அதுவும் அதே ஓட்டானியின் குரலில்!

நேயர்களே, இனி முடிவைச் சொல்லப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் ஒரு நிமிடம் வானொலியின் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காணாமல் போன அப்பாதான் பிகாச்சுவுக்குள் இருக்கிறார். அவரைக் காப்பாற்ற, அவர் மனதை மியூடூ என்ற பெரிய போக்கிமான் பிகாச்சுவின் உடம்புக்குள் வைத்திருக்கிறது. கடைசியில் அப்பாவும் பிகாச்சுவும் பிரிகிறார்கள். அப்பாவாக எதிரில் வந்து நிற்பவர் ரெனால்ட்ஸ். படம் முழுக்க நம்மைச் சிரிக்க வைத்த அந்தப் பொருந்தாத குரல்தான் துப்பு. முதல் வசனத்திலிருந்தே நம் காதில் போட்டுவிட்டார்கள். காதை வைத்துப் பிழைக்கிற எனக்கே பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். டிம்மிடம் அது கோபப்படும்போதும், பக்கத்தில் நடந்து புலம்பும்போதும், ஒரு தகப்பனின் பேச்சாகத்தான் கேட்டது. அப்பா பிரிந்துபோன பிறகு பிகாச்சுவிடம் மிஞ்சுவது அந்தப் பழைய "பிகா" மட்டும். அந்த இடத்தில் நான் அழுதேன்.

நேரம் போய்விட்டது. கிராபிக்ஸ் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. பிகாச்சுவுக்கு ரோமம் உண்டு என்று 2018 நவம்பரில் முன்னோட்டம் வந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. முதலில் அதிர்ந்தவர்களே பிறகு தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். போக்கிமான்களை நிஜம்போல வரைந்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்த ஆர்.ஜே. பால்மர் என்ற ரசிகரையே வேலைக்கு எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜான் மாத்தீசன் இவ்வளவு கிராபிக்ஸ் உள்ள படத்தைப் பிலிமில் எடுத்தார். அதே 2019-இல் 'சோனிக்' படத்தின் முன்னோட்டத்தில், அந்த நீல முள்ளெலிக்கு மனிதப் பல் வைத்துவிட்டார்கள் என்று எழுந்த எதிர்ப்பில், உருவத்தையே மாற்றி, படத்தை 2020 பிப்ரவரிக்குத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. அந்த முன்னோட்டத்தையும் பிகாச்சுவின் முன்னோட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

குரலைப் பற்றியே பேசிவிட்டேன்; பேச்சே இல்லாத மிஸ்டர் மைம் என்ற போக்கிமானை விசாரிக்கும் காட்சியும் ஒன்று உண்டு. அது வாயே திறக்காது, சைகை மட்டும். டிம்மும் இல்லாத பெட்ரோலை ஊற்றுவதுபோல் சைகை காட்டித்தான் மிரட்டுகிறான். அதை வானொலியில் சொல்லி மாளாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வீட்டில் குழந்தைகள் கார்ட்டூன் போடும்போது ஒரு காட்சிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள் என்று நம்புகிறேன். அணிலோ கரடியோ பேசத் தொடங்கும் முன் ஒரு மூச்சு கேட்கும்.