நால்வகைத் தானமும் நல்வாழ்வுப் பொருளாதாரமும்
(திருத்தணியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாட்டின் பொருளாதாரம் வளர்கிறது என்று நாள்தோறும் கேட்கிறோம். அவ்வளர்ச்சியால் யார் வாழ்வு உயர்ந்தது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா. நாட்டு வருமானக் கணக்கை 1934இல் அமெரிக்கச் செனட் அவைக்கு அளித்த அறிஞர் சைமன் குஸ்நெட்சே, அதைக் கொண்டு மக்கள் நலத்தை அளந்துவிட இயலாது என எச்சரித்தார். பூட்டான் 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பில் மக்களின் மகிழ்ச்சியை அரசின் குறிக்கோளாக ஏற்றது. நியூசிலாந்து 2019இல் நல்வாழ்வை முன்னிறுத்தி வரவு செலவுத் திட்டம் வகுத்தது.

நம் முன்னோர் இதற்கோர் எளிய அளவுகோலைத் தந்துள்ளனர். உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானமே அது. இல்லறத்தாருக்கு இவை அறம். குடிமக்களுக்கோ அரசிடம் பெறவேண்டிய உரிமை.

முதல் மூன்றிலும் தமிழகம் தலைநிமிர்ந்து நிற்கிறது. 1982இல் சத்துணவுத் திட்டமும் 2022இல் காலை உணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளின் பசி தீர்த்தன. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்குகிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் இல்லம் வரை வருகிறது. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர் உயர்கல்வி கற்க, புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது.

குறை நான்காவதில்தான் இருக்கிறது. அபயம் என்பது அச்சம் நீக்குதல். நாளைய பிழைப்பு என்னாகுமோ என்பதும் அச்சமே அன்றோ?

இவ்வூரைச் சூழ்ந்த பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் பகுதிகளில் விசைத்தறியே பலருக்கு வாழ்வு. 2023இல் விசைத்தறிக்கான கட்டணமில்லா மின்சாரம் இரு மாதங்களுக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது. நல்ல செயல். ஆயினும் அச்சலுகை சேர்வது தறி இணைப்பு உடையவருக்கு. நூல் விலை ஏறித் தறி நின்றால், கூலிக்கு நெய்பவர் கைக்கு அதனால் ஒரு காசும் வாராது. 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் ஊராட்சிகளுக்கே உரியதாயிற்று. பேரூராட்சிகளான பள்ளிப்பட்டும் பொதட்டூர்பேட்டையும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

ஆகவே, நல்வாழ்வுப் பொருளாதாரத்திற்கு நான் வேண்டுவன மூன்று. பேரூராட்சி மக்களுக்கும் சட்டப்படியான வேலை உறுதி வேண்டும். தறி நிற்கும் காலத்தில் கூலி நெசவாளருக்கு உதவித்தொகை வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை குடும்பங்கள் கடனிலிருந்தும் வேலையின்மையிலிருந்தும் மீண்டன என்னும் கணக்கை, மாவட்ட நிருவாகம் மக்கள்முன் வைக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம்மில் தொழில் நடத்துவோர் உரிய கூலியை உரிய நாளில் தரலாம்; வேலை குறைந்த மாதத்தில் முன்பணம் கொடுத்து, வட்டியின்றிச் சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்ளலாம். அதுவும் அபய தானமே.