ஜான்ஸ் தீவின் முதியோர் வகுப்பு

1957 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ஜான்ஸ் தீவில் முதியோர் வகுப்பு ஒன்று தொடங்கியது. மாணவர்கள் 14 பேர்; அனைவரும் கறுப்பின உழைப்பாளிகள். முன்புறம் மளிகைக் கடை, பின்னறையில் பள்ளி. வெள்ளை இனவெறியர்களின் கண்ணில் படாதிருக்கவே இந்த ஏற்பாடு.

எழுத்தறிவுக்கு ஏன் இத்தனை மறைவு? 1895இல் அம்மாநிலம் புதிய அரசியல் சட்டம் இயற்றியது. வாக்காளராகப் பதிவு செய்ய விரும்புவோர் அச்சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்தும் எழுதியும் காட்ட வேண்டும். அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி செலுத்தியிருக்க வேண்டும். அந்த விதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால், கறுப்பினக் குழந்தைகளுக்கு முறையான கல்வியை மறுத்த அதே அரசுதான், அவர்கள் வளர்ந்தபின் எழுத்தறிவுக்குச் சான்று கேட்டது. பறித்தவனே, இல்லாமைக்குத் தண்டனையும் விதித்தான்.

தீவிலிருந்து சார்லஸ்டன் நகருக்குத் தொழிலாளர்களைப் பேருந்தில் ஏற்றிச் சென்ற ஈசா ஜென்கின்ஸிடம், ஆலிஸ் வைன் என்ற பயணி தனக்குப் படிக்கக் கற்றுத்தருமாறு கேட்டார். வாக்களிக்க வேண்டும் என்பதே அவரது விருப்பம். பேருந்தே வகுப்பறையானது. பின்னர், தொழிற்சங்க ஊழியர்களைப் பயிற்றுவித்து வந்த டென்னசியின் ஹைலேண்டர் பள்ளி துணைக்கு வந்தது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக 1956இல் ஆசிரியப் பணியை இழந்த செப்டிமா கிளார்க், அங்கிருந்து இவ்வகுப்பைத் திட்டமிட்டார்.

ஆசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுக்கலைத் தொழிலாளி. அவரது வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்களே. எனவே எந்த வெள்ளை முதலாளியும் அவரது பிழைப்பைப் பறிக்க இயலாது. முதலில் குழந்தைகளுக்கான பாடநூல்களையே கொண்டுவந்தார். அவை முதியோருக்குப் பொருந்தா என்று உணர்ந்ததும் அவற்றை ஒதுக்கிவைத்து, “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேட்டார். பெயரெழுத, மகனின் கடிதத்தைப் படிக்க, விவிலியம் வாசிக்க, வாக்குரிமைச் சட்டத்தைப் புரிந்துகொள்ள என்று அவர்கள் சொன்னவையே பாடத்திட்டமாயின. சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் ஒட்டப்பட்டது. வகுப்பு முடிவதற்குள் அதை அவர்கள் வாசிக்க வேண்டும் என்பது குறிக்கோள். வாசிப்பு விவாதமாயிற்று, விவாதம் வாக்காளர் பதிவு அலுவலகத்தின் வாசல்வரை சென்றது.

அண்டைத் தீவுகளிலும் வகுப்புகள் பரவின. கம்யூனிஸ்ட் பயிற்சிக்கூடம் என்று தூற்றப்பட்ட ஹைலேண்டர் பள்ளியை 1961இல் டென்னசி அரசு மூடியது. அதற்குள் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இத்திட்டத்தை ஏற்றுத் தென் மாநிலங்கள் எங்கும் கொண்டு சென்றது. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம், தென் கரோலினா உள்ளிட்ட மாநிலங்களில் எழுத்தறிவுச் சோதனையை நிறுத்திவைத்தது.

இது கடல் கடந்த பழங்கதை அன்று. கல்வித் தகுதி இல்லாதோர் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடலாகாது என்று ஹரியானா 2015இல் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பள்ளியைத் தராத அரசு சான்றிதழைக் கேட்கும் அதே தர்க்கம்! அதனால் விலக்கப்பட்டோரில் தலித்துகளும் பெண்களுமே மிகுதி.

தோழர்களே, முதியோர் கல்வி கருணைப் பணி அன்று. உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதி. நம் கிளைகள் நடத்தும் வாசிப்பு வட்டங்களில், எழுதப் படிக்கத் தெரியாத மூத்தோருக்கு இடம் உண்டா? அவர்களுக்கு எது தேவை என்று அவர்களிடமே கேட்டோமா? ராபின்சன் முதலில் செய்தது அதைத்தான். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.