அப்பத்தா வீட்டு ஆன்டெனா

இன்னைக்கு ஆன்டெனா பத்திப் பேசப் போறோம். "ஆன்டெனாவா? இது எந்தக் காலத்து எபிசோடு?"ன்னு நீங்க கேக்குறது புரியுது. ஆனா ஆன்லைன்ல "எச்டி ஆன்டெனா"ன்னு தேடிப் பாருங்க, அத்தனை பொருள் வந்து நிக்கும். அதுல ஒண்ணை வாங்கி ஏமாந்தவன் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

பொட்டிபுரம்னு சொன்னா உங்கள்ல பலருக்கு நியூட்ரினோ ஞாபகம் வரும். போடிநாயக்கனூர் பக்கம், அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு ஆய்வகம் கட்டப் போறதா அறிவிச்சாங்களே, அந்த ஊர்தான். ஆய்வுக் கருவிக்கு எல்லாப் பக்கமும் குறைஞ்சது ஒரு கிலோமீட்டர் பாறை இருக்கணும்னுதான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தாங்க. விண்வெளியிலிருந்து வர்ற மத்த துகள்களைப் பாறை வடிகட்டிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். ஆய்வகம் வேணாம்னு மக்கள் போராடினது தனிக் கதை. இன்னைக்கு நமக்கு வேண்டியது பாறை சமாச்சாரம் மட்டும்தான். நியூட்ரினோ கடந்து வர்ற மலையை டிவி அலை கடக்காது.

எங்க அப்பத்தா வீடு அந்தப் பக்கம், மலையடிவாரத் தோட்டத்துல இருக்கு. ஊருக்குள்ள கேபிள் உண்டு, தோட்டத்து வீடு வரைக்கும் வராது. செல்போன் சிக்னல் வாசலுக்கு வந்தாத்தான் கிடைக்கும். அப்பத்தா பல வருஷம் விடியக்காலையில ஜீப் ஏறி, போடிமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவங்க. இப்போ முழங்கால் விட்டுப் போச்சு. சாயங்காலம் ஆனா டிவிதான் துணை.

மாசாமாசம் பணம் கட்டுற டிஷ் ஒண்ணு இருந்தது. சென்னையிலிருந்து நான்தான் ரீசார்ஜ் பண்ணுவேன். ஒரு தடவை மறந்துட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனா, டிவி மேல துண்டு போட்டு மூடியிருக்கு. மூணு வாரமா ஓடலையாம். "ஏன் அப்பத்தா சொல்லல?"ன்னு கேட்டேன். "நீயே வேலை வேலைன்னு அலையிற. இதுக்குப் போயி உனக்கு போன் போடவா?"ன்னாங்க. எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல.

மாசக் கட்டணமே இல்லாத வழி வேணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். என் கல்லூரி நண்பன் ஒருத்தன் டொரோண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் இருக்கான். அவன் ஜன்னல்ல பேப்பர் மாதிரி தட்டையா ஒரு ஆன்டெனா ஒட்டியிருக்கான். ஒரு பைசா கட்டாம எச்டி சேனல் பாக்குறான். அதே மாதிரி ஒண்ணை நானும் வாங்கினேன். பெட்டி மேல "எச்டி, 4கே, நூறு மைல்"னு எல்லாம் போட்டிருந்தது.

அப்பத்தா வீட்டு ஜன்னல்ல மாட்டி, சேனல் தேடச் சொன்னேன். பூஜ்யம். வாசல்ல வச்சேன், பூஜ்யம். மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க தாத்தா நட்டு வச்ச இரும்புக் குழாய் இன்னும் நிக்குது. உச்சியில மீன்முள் மாதிரி அலுமினிய ஆன்டெனா, வடகிழக்கே கொடைக்கானலைப் பார்த்தபடி. அந்தக் கம்பியிலயும் இணைச்சுப் பார்த்தேன். பூஜ்யம்தான்.

கடைசியில போடியிலிருந்து டிஷ் மாட்டுற அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் ரெண்டு ஆன்டெனாவையும் பார்த்துட்டுச் சிரிச்சார். "தம்பி, ஆன்டெனால ஒரு கோளாறும் இல்ல. அனுப்புறவன்தான் இல்ல."

இந்த ஒரு விஷயம்தான் எனக்குத் தெரியாமப் போச்சு. கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

ஆன்டெனாவுக்கு எச்டி, சாதாரணம்னு வித்தியாசம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது அலைவரிசை மட்டும்தான். அலையின் நீளத்துல பாதி அளவுக்குக் கம்பி இருந்தா நல்லா பிடிக்கும். 200 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்றரை மீட்டர், அதுல பாதி 75 சென்டிமீட்டர். தாத்தா காலத்து ஆன்டெனாக்கள்ல கம்பி நீளமா இருந்ததுக்கு இதுதான் காரணம். 500 மெகாஹெர்ட்ஸ்னா 30 சென்டிமீட்டர் போதும். அந்த மீன்முள் வடிவத்துக்குப் பேர் யாகி-உடா. 1920-களில் ஜப்பானில் யாகி, உடான்னு ரெண்டு பேர் உருவாக்கினது. ஒரே திசையைப் பார்த்துக் கூர்மையா பிடிக்கும். அதனாலதான் அந்தக் காலத்துல ஒருத்தர் மாடியில குழாயைத் திருப்ப, இன்னொருத்தர் கீழயிருந்து "தெரியுது... ஐயோ போயிருச்சு"ன்னு கத்துவாங்க.

கொடைக்கானல் டவர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்கிருந்து அனுப்பினா சமவெளியில ரொம்ப தூரம் போகும். ஆனா நடுவுல ஒரு முகடு குறுக்கிட்டா அந்த நிழல்ல இருக்கிற வீட்டுக்குப் படம் சரியா வராது. பின்னாடி இருக்கிற மலையில பட்டுத் திரும்பி வர்ற அலையால ஒரே ஆள் ரெண்டு ஆளா தெரிவார். பூஸ்டர் போட்டா சிக்னலோட சேர்த்து இரைச்சலும்தான் பெருசாகும்.

அந்த ஒளிபரப்பே இப்போ இல்ல. பிரசார் பாரதி நாடு முழுக்க பழைய அனலாக் டிவி டிரான்ஸ்மிட்டர்களைப் படிப்படியா நிறுத்திடுச்சு. எல்லைப்புறம் மாதிரியான சில இடங்களைத் தவிர மத்ததெல்லாம் 2022 மார்ச்சுக்குள்ள முடிக்கிறதா திட்டம். டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பை 2016-ல சென்னை உட்பட 16 நகரங்கள்ல தொடங்கினாங்க. அதுல எங்க பக்கம் எந்த ஊரும் கிடையாது. டொரோண்டோ கதை வேற. அங்க 553 மீட்டர் உயர சிஎன் டவர்லயிருந்து டிஜிட்டல்ல அனுப்பிக்கிட்டே இருக்காங்க, ஏரிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் பஃபலோவிலிருந்தும் வருது. என் நண்பனோட ஆன்டெனா ஒண்ணும் உசத்தி இல்ல. அவன் ஊர்ல அனுப்புறவன் இருக்கான், அவ்வளவுதான்.

"அப்ப இலவசமா ஒண்ணுமே கிடையாதாண்ணே?"ன்னு கேட்டேன். "இருக்கு தம்பி. மலையைப் பாக்காத, மேல பாரு"ன்னார்.

அவர் சொன்னது டிடி ஃப்ரீ டிஷ். தூர்தர்ஷன் 2004 டிசம்பர்ல தொடங்கினது, மாசக் கட்டணம் இல்ல. டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒரு தடவை செலவு பண்ணினா போதும். ஜிசாட்-15 செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல 93.5 டிகிரி கிழக்குல நிக்குது. போடியிலிருந்து பார்த்தா கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவுல, தரையிலிருந்து கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்துல. எங்களுக்கு மலை இருக்கிறது மேற்கே. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வர்ற சிக்னலை அது மறைக்கவே மறைக்காது. அந்தத் திசையில இருந்த ஒரு தென்னை ஓலை மட்டும்தான் இடைஞ்சல். டிஷ்ஷை நாலடி தள்ளி வச்சோம், சரியாப் போச்சு.

பெட்டி வாங்கும்போது அண்ணன் ஒண்ணு சொன்னார். எம்பெக்-2 பெட்டி விலை கம்மி, ஆனா அதுல எச்டி வராது. எம்பெக்-4 பெட்டி வாங்கி, எச்டிஎம்ஐ வயர் போட்டு டிவியில இணைச்சாத்தான் எச்டி சேனலை எச்டியா பாக்கலாம். எச்டிங்கிற வார்த்தையைத் தேட வேண்டிய இடம் பெட்டிதான், ஆன்டெனா இல்ல.

இதுல குறையும் இருக்கு, மறைக்காம சொல்லிடுறேன். டிடி தமிழ் வரும், ஆனா தமிழ் தனியார் சேனல்கள் குறைவு. படம் தெரிஞ்ச உடனே அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, "என் நாடகம் எங்கடா?" அது இதுல வராதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "சரி விடு, கதையை அடுத்த தோட்டத்துப் பிள்ளைகிட்ட கேட்டுக்கிறேன். இது அணையாதுல்ல?"ன்னாங்க. "அணையாது அப்பத்தா."

அதனால மக்களே, நீங்களும் ஊர்ல இருக்கிற யாருக்காவது ஆன்டெனா வாங்குறதா இருந்தா, பெட்டி மேல போட்டிருக்கிற மைல் கணக்கைப் பாக்காதீங்க. அந்த ஊருக்கு இன்னைக்கு யாராவது ஒளிபரப்புறாங்களா, எந்தத் திசையிலிருந்து, நடுவுல என்ன இருக்கு, வர்ற சிக்னலை நம்ம பெட்டி புரிஞ்சுக்குமா, இதைக் கேட்டுட்டு வாங்குங்க. முக்கியமா, பாக்கப் போறவங்களுக்கு எந்த சேனல் வேணும்னு கேளுங்க. நான் அதைக் கேக்கவே இல்ல.

தாத்தாவோட ஆன்டெனாவைக் கழட்டலாம்னு அண்ணன் சொன்னார். அப்பத்தா விடல. அந்தக் குழாயில கொடி கட்டித் துணி காயப்போடுறாங்க. ரீசார்ஜ் தேதி இப்போ எனக்கு ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல. ஆனாலும் ஞாயித்துக்கிழமை ஆனா போன் போட்டு, "டிவி தெரியுதா அப்பத்தா?"ன்னு கேக்குறேன். தெரியுதுன்னு சொல்லிட்டு, அந்த வாரத்து நாடகக் கதை முழுசும் எனக்குச் சொல்றாங்க.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.