புதர் உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

ஏரி, சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றியே இக்கூட்டங்களில் பேசுவது வழக்கம். இன்று ஒரு சிறு பூச்சியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஏரிக்கரை ஒன்றைப் பார்வையிட்டபின் புல்தரையில் சற்றே அமர்ந்து இளைப்பாறினேன். அன்றிரவு கணுக்காலிலும் இடுப்பிலும் சிவந்த தடிப்புகள் தோன்றி, உறங்கவொட்டாமல் அரித்தன. இது உங்களில் பலருக்கும் பழகிய துன்பமே.

இதற்குக் காரணம் புதரிலும் புல்லிலும் வாழும் உண்ணியின் குஞ்சு. மாட்டின்மேல் காணும் பெரிய உண்ணி வேறு, இது வேறு. இக்குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். ஆகையால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. இது தோலைத் துளைத்து உள்ளே புகுவதில்லை, இரத்தத்தையும் குடிப்பதில்லை. தன் உமிழ்நீரால் தோலின் திசுவைக் கரைத்து உறிஞ்சுகிறது. அரிப்புக்கு அவ்வுமிழ்நீரே காரணம்.

அரிப்புக் கண்டவுடன் சோப்பிட்டு நன்றாகத் தேய்த்துக் குளிக்க வேண்டும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம், காலமைன் பூசலாம். நகத்தால் சொறிந்தால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு முதலியவற்றைத் தடவுதல் கூடாது. அரிப்பு மிகுந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை பெறலாம். ஒன்றிரண்டு வாரங்களில் தானே ஆறிவிடும்.

ஆனால் அரிக்கும் கடியைவிட அரிக்காத கடியே அஞ்சத்தக்கது என்பதை நீங்கள் மனத்திற்கொள்ள வேண்டும். இவ்வினத்துள் ஒருவகைக் குஞ்சு, வலியோ அரிப்போ தெரியாமல் கடித்து, உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்கிரப் டைபஸ் நோயைத் தருகிறது. நோய்க்கிருமி தாயுண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குச் செல்வதால், அதன் ஒரு கடியே போதுமானது. ஏறத்தாழ ஒன்றிலிருந்து மூன்று வாரத்திற்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ் போன்ற மறைவிடங்களில் பீடி நெருப்புச் சுட்டாற்போன்ற கரும்பொருக்கு ஒன்று காணப்படலாம். நாணத்தால் அதை மறைத்தல் ஆகாது. எல்லாரிடமும் அது தோன்றுவதில்லை. ஆகையால் பொருக்கு இல்லையென்று வாளாவிருத்தலும் ஆகாது.

நம் வட்டாரத்தில் புதர் வெட்டச் சென்ற அம்மையார் ஒருவர் ஒன்பது நாள் காய்ச்சலுடன் வீட்டிலேயே கிடந்தார். கடைசியில் செவிலியர் ஒருவர் அவருடைய அக்குளில் பொருக்கைக் கண்டார். மருந்து கொடுத்த மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய மருந்துகள் தக்க காலத்தில் கிடைத்தால் இந்நோய் எளிதில் குணமாகும். காலம் தாழ்ந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைத் தாக்கி உயிரையும் மாய்க்கும். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படா. ஆதலின் கடையில் தாமாக மாத்திரை வாங்கி உண்ணாது மருத்துவரிடம் செல்லுங்கள். “புதரில் வேலை செய்தேன்” என்பதை அவரிடம் மறவாமல் கூறுங்கள்.

தமிழ்நாட்டில் மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் இந்நோய் மிகுதி. அக்காலத்தில் முழுக்கைச் சட்டையும், கணுக்காலை மூடும் உடையும் அணிந்து வேலை செய்யுங்கள். புல்தரையில் வெறுமனே படுக்காதீர்கள். கழற்றிய துணியைப் புதர்மேல் போடாதீர்கள். உண்ணி உடலில் ஏறியவுடன் கடிப்பதில்லை; இடம் தேடிச் சிறிது நேரம் ஊர்ந்து திரியும். ஆகையால் வீடு திரும்பியதும் குளித்து, உடையை வெந்நீரில் துவைத்தால் பெரும்பாலும் தப்பலாம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு, பள்ளி, நடைபாதை ஆகியவற்றை ஒட்டிய சீமைக்கருவேல் புதரையும் களையையும் அகற்றுங்கள். உண்ணியைச் சுமக்கும் எலிக்கு இடங்கொடுக்கும் குப்பையையும் விறகுக் குவியலையும் வீட்டருகே சேரவிடாதீர்கள். புதர் வெட்ட நாம் அனுப்புவோருக்குத் தண்ணீரும் சோப்பும் கிடைக்கச் செய்வது நம் கடமை. அவர்களில் எவரேனும் காய்ச்சலால் வேலைக்கு வராவிடில், வருகைப் பதிவேட்டில் குறிப்பதோடு நில்லாமல், அன்றே ஆள் அனுப்பி விசாரியுங்கள். அந்த ஒரு விசாரணை ஓர் உயிரைக் காக்கலாம்.