கடைமடைக்கு வராத வாசகர்கள்

(இணையத்தில் எழுதும் தோழர்கள் தஞ்சாவூரில் கூடிய சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



தேடுபொறியில் நடக்கும் மாற்றங்கள் நம் எழுத்தை என்ன செய்கின்றன என்று பேசச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் படித்தவர் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். நான் கீழவாசல் பக்கம் டிடிபி கடை வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இவற்றுக்கு நடுவில் இருபது வருஷமாகச் சாதி ஒழிப்பு பற்றி எழுதி வருகிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கீழவெண்மணி பற்றி நான் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. அதைத் தேடி தினமும் சில நூறு பேர் வருவார்கள். டிசம்பர் 25 வந்தால் கூட்டம் பல மடங்காகும். காசு கிடையாது, ஆனால் எங்கிருந்தோ ஒரு பிள்ளை எழுதும், "என் தாத்தா அந்த ஊர்தான், அவர் சொல்லாததை நீங்கள் சொன்னீர்கள்" என்று. ஒரு மழைக்காலத்தில் அந்த எண்ணிக்கை பாதியானது. பிறகு பத்து, பன்னிரண்டு என்று நின்றுவிட்டது. கட்டுரையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மேட்டூரில் திறந்தார்கள், கல்லணையிலும் திறந்தார்கள், நம் வாய்க்காலுக்கு மட்டும் வரவில்லை என்றால் மேலே எங்கோ ஷட்டரை இறக்கியிருக்கிறார்கள் என்று கடைமடைக்காரனுக்குத் தெரியும். எந்த ஷட்டர் என்று மட்டும் தெரியாது.

பாதிக் குற்றம் என்னுடையது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நாமெல்லாம் பாமினியில் அடித்தோம். திரையில் தமிழ் தெரியும். இயந்திரத்துக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றும்வரை அப்படி ஏற்றிய எதையும் எந்தத் தேடுபொறியும் தமிழாகப் படித்திருக்க முடியாது. நம் பழைய சிற்றிதழ்களின் பக்கங்களை ஸ்கேன் செய்து படமாகப் போட்டோமே, அவற்றில் பலவும் இன்றுவரை அதே கதிதான். 2015 ஏப்ரல் 21 முதல், கைபேசியில் சரியாகத் தெரியாத பக்கங்களைக் கைபேசித் தேடலில் கூகுள் பின்னுக்குத் தள்ளியது. நம் பக்கங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. இன்னொன்று ஊரின் பெயர். கீழவெண்மணி, கீழ்வெண்மணி, கீழ வெண்மணி, வெறும் வெண்மணி. நான் ஒரே கட்டுரையில் மூன்று விதமாக எழுதியிருந்தேன். பிழை திருத்துவதே தொழிலாக வைத்திருக்கிற ஆள்!

இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அப்போதும் வாசகர்கள் திரும்பவில்லை. எந்த மாற்றத்தால் கட்டுரை விழுந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. யாராலும் முடியாது, விஷயமே அதுதான். ஊர்ப் பஞ்சாயத்தில் தண்டம் போட்டால்கூட எதற்கு என்று சொல்வார்கள்.

வெளியே தெரிந்தவரை சொல்கிறேன். 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்ஜி பிரினும் கொண்டுவந்த யோசனை எளிமையானது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்புக் கொடுக்கிறார்கள், கொடுப்பவர் எவ்வளவு பெரியவர் என்று பார்த்து மதிப்புப் போடுவது. பெரிய மனுஷன் சொன்னால் எடுபடும் என்பது நம் கிராமத்துக்குப் புதிதா? பெரிய செய்தித்தாள்கள் நம் கட்டுரையிலிருந்து தகவலை எடுக்கும், இணைப்புக் கொடுக்காது. அந்தக் கணக்கில் நாம் எப்போதும் சேரிப் பக்கம்தான். பிறகு 2011-இல் பாண்டா, 2012-இல் பெங்குவின் என்று வரிசையாக மாற்றங்கள். சரக்கில்லாமல் பக்கங்களைப் பெருக்கியவர்களையும் போலி இணைப்பு வாங்கியவர்களையும் பிடிக்க வந்தவை, அதில் எனக்குக் குறையில்லை. 2022-இல் 'பயனுள்ள உள்ளடக்கம்' என்று ஒன்று ஆங்கிலத்தில் தொடங்கி, அந்த டிசம்பரிலேயே எல்லா மொழிக்கும் வந்தது. எழுதுபவருக்கு நேரடி அனுபவம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பதையும் அதே மாதம் தங்கள் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் சேர்த்தார்கள். படித்தபோது சிரிப்பு வந்தது. தீண்டாமையில் நேரடி அனுபவம் கேட்டால் நம்மிடம் இல்லாததா? ஆனால் இயந்திரம் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்? யார் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்பதை வைத்துத்தானே?

நமக்கு மட்டும் நடந்தது என்று நினைக்கவேண்டாம். காற்று சுத்திகரிக்கும் கருவிகளை வாங்கிச் சோதித்து எழுதிய ஹவுஸ்ஃபிரெஷ் என்ற சிறிய ஆங்கில இணையதளம், பெரிய பத்திரிகை நிறுவனங்கள் தங்களைக் கீழே தள்ளிவிட்டதை 2024 பிப்ரவரியில் ஆதாரத்தோடு எழுதியது. அந்த ஆண்டு மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் ஏறத்தாழ 2,500 பக்கம் கசிந்தன. ஒரு தளம் முழுவதற்கும் இவ்வளவு செல்வாக்கு என்று மதிப்புப் போடும் வழக்கம் இல்லை என்றே அதுவரை சொல்லிவந்தார்கள். அந்தப் பெயரிலேயே ஒரு அளவுகோல் அதில் இருந்தது. ஆகஸ்டில், தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார்.

இந்தியாவில் அதற்கு முன்பே ஒரு வழக்கு. தேடல் முடிவுகளில் தன் சேவைகளுக்கே சாதகம் செய்ததாக 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. புகார் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சென்னையிலிருந்து பாரத் மேட்ரிமோனி நடத்திய நிறுவனம். சாதிவாரியாக வரன் தேட வழி வைத்திருப்பவர்களுக்குத் தேடலில் அநீதி நடந்தது என்று வழக்குப் போட வசதி இருக்கிறது. சாதி வேண்டாம் என்று எழுதுகிற நமக்கு வக்கீல் பீஸ் யார் கொடுப்பது?

இயந்திரத்துக்குச் சாதி தெரியாதே என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். தெரியாதுதான். 2016-இல் ரியோவில் பி.வி.சிந்து பதக்கம் வென்றபோது அவர் என்ன சாதி என்று நம் மக்கள் தேடிய தேடல் செய்தியாகவே வந்தது. கேட்கிறவர்களுக்குச் சாதி தெரியும், அவர்கள் கேட்பதை இயந்திரம் எண்ணி வைத்துக்கொள்ளும். கறுப்பினப் பெண்களைப் பற்றித் தேடினால் ஆபாசப் பக்கங்கள் முன்னால் வந்ததைச் சஃபியா நோபிள் 2018-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். இயந்திரத்தை நடத்துகிற மனிதர்கள் விஷயமும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்துக்காகக் கூகுள் நியூஸ் ஊழியர்களிடம் தேன்மொழி சௌந்தரராஜன் பேசுவதாக இருந்தது. ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பால் அது ரத்தானது. ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டார். நம் செய்தியை வரிசைப்படுத்தும் கட்டடத்துக்குள்ளேயே சாதியைப் பற்றிப் பேச இடமில்லை என்றால், வெளியே இருக்கும் நாம் எந்த வரிசையில் நிற்போம்?

சரி, என் கதைக்கு வருகிறேன். கட்டுரை விழுந்தபிறகு ஒரு தம்பி யோசனை சொன்னான், தலைப்பை மாற்றுங்கள் என்று. 'கீழவெண்மணி: நீங்கள் அறியாத 5 உண்மைகள்' என்று மாற்றினேன். ஆட்கள் வந்தார்கள். ஒரு வாரம் சந்தோஷம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வயதான தோழர் ஒருவர் போன் பண்ணினார். "அஞ்சு உண்மையா? செத்தது நாப்பத்தி நாலு பேருய்யா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டார். அன்று ராத்திரியே பழைய தலைப்பைப் போட்டேன். வந்தவர்கள் போய்விட்டார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் போன டிசம்பரில் நடந்தது. கும்பகோணத்தில் கல்லூரி படிக்கும் என் அக்கா மகளுக்குப் பேச்சுப் போட்டி, தலைப்பு வெண்மணி. கைபேசியில் தேடியிருக்கிறாள். செயற்கை நுண்ணறிவு தொகுத்த மூன்று வரி மேலே வந்தது. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்டார்கள் என்று இருந்தது. ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் 'தலித்' என்ற சொல் இல்லை, சேரி இல்லை, சாதி இல்லை. "மாமா, இதுல சாதியே வரலையே, அப்ப நீங்க எழுதினது?" என்று கேட்டாள்.

தோழர்களே, அது கூலிச் சண்டையா சாதிக் கொடுமையா என்று நாம் ஐம்பது வருஷமாக இடதுசாரித் தோழர்களோடு மல்லுக்கட்டி வருகிறோம். இரண்டும்தான், பிரிக்க முடியாது என்பது என் கட்சி. அரைப்படி நெல் கூடக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் உண்மை. இராமையாவின் குடிசைக்குள் எரிந்தவர்கள் தலித்துகள் என்பதும் உண்மை. நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் நேரில் வந்து தீ வைப்பார்களா என்று ஐயப்பட்டு உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்ததே, அந்த ஐயத்துக்குள் இருந்தது வெறும் கூலிக் கணக்கா? இத்தனை வருஷ விவாதத்தை அந்த மூன்று வரி முடித்து வைத்துவிட்டது. அந்தப் போட்டிக்கு வந்த மற்ற பிள்ளைகளும் ஏறக்குறைய அதையே பேசினார்களாம்.

கட்டுரைக்கு இணைப்பு கீழே இருக்கிறதே என்பார்கள். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத் தேடல்களைப் பார்த்தது. மேலே சுருக்கம் வந்தபோது நூற்றுக்கு 8 தடவைதான் மக்கள் கீழே உள்ள இணைப்பைத் தொட்டிருக்கிறார்கள், சுருக்கம் இல்லாதபோது 15. சுருக்கத்துக்கு உள்ளேயே இருக்கும் இணைப்பைத் தொட்டது நூற்றுக்கு ஒன்று. தமிழுக்கும் இது வருகிறது என்று கூகுள் 2024 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது.

என்ன செய்வது? எழுத்தைச் சரியாகப் போடுங்கள், ஊர்ப்பெயரின் எல்லா வடிவத்தையும் ஓரிடத்திலாவது கொடுங்கள், நாம் ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுப்போம். அதெல்லாம் சின்ன வேலை. நம் முன்னோர் செய்ததைப் பாருங்கள். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார், கோலார் தங்கவயல் தொழிலாளிகள்வரை அது போனது. 1920-இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுக்கிறோம் என்று சொல்லியும் 'கேசரி' விளம்பரம் போட மறுத்தது. அவர்களிடம் இருந்தது சந்தாதாரர் முகவரி. அதை யாரும் ஷட்டர் போட்டு மூட முடியாது. நம்மிடம் ஆயிரக்கணக்கில் வாசகர்கள் இருந்தார்கள், ஒருவர் முகவரிகூட நம் கையில் இல்லை.

அதனால் வாசலில் மேசைமேல் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறேன். பெயர், ஊர், தபால் முகவரி, போன் நம்பர் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழு போதாதா என்று கேட்காதீர்கள், அதுவும் ஒரு கம்பெனிதான். டிசம்பருக்கு வெண்மணிக் கட்டுரையைப் பதினாறு பக்கச் சிறுநூலாக அடிக்கிறேன், டிடிபி செலவு என்னுடையது, பேப்பருக்கு மட்டும் பிரித்துக்கொள்வோம். கும்பகோணம் பஸ் பிடிக்கிறவர்கள் முதலில் எழுதிவிட்டுப் போங்கள், உள்ளூர்க்காரர்கள் டீ குடித்துவிட்டு எழுதலாம்.