சுவர்க் கருமையும் கரிவளியும்

(கோவிலூரில் ஆற்றிய உரை)



கோவிலூரிலும் காரைக்குடியிலும் உள்ள பழைய மனைகளின் வெளிச்சுவர்களை மழைக்காலம் கழிந்தபின் நோக்குங்கள். நீர் வழிந்த இடமெல்லாம் கரும்பட்டைகள் படிந்திருக்கும். புகை என்பார் சிலர். அழுக்கு என்பார் பலர். அது பெரும்பாலும் ஓர் உயிர்க்கூட்டம். கோடையில் காய்ந்து கருகிக் கிடந்து, மழைநீர் பட்டதும் பசுமை காட்டி எழும் நுண்ணுயிரிகளே அவை. ஊருணிப் படிக்கட்டில் காலை வழுக்கும் பசும்படலத்திலும் அவற்றின் இனம் உண்டு.

இவற்றை நீலப்பசும்பாசி எனப் பள்ளி நூல்கள் நெடுங்காலம் எழுதின. மேலையர் இட்ட பெயரின் மொழிபெயர்ப்பு அது. பாசி எனின் நிலைத்திணை என மயங்க இடமுண்டு. கண்ணறையுள் தனிக்கரு இன்மையால் இவை பாக்டீரியா எனப்படும் நுண்ணுயிரிக் குடும்பத்தைச் சார்ந்தனவே. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தி.வி. தேசிகாச்சாரி 1959-இல் இவ்வினம் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இவற்றுள் கடல்வாழ் வகைகளுக்கெனவே தேசிய ஆய்வுநிலையம் ஒன்று உண்டு. ஆராய்ந்த இடம் தமிழ்நாடு. எழுதிய மொழியோ ஆங்கிலம்! தமிழ் மாணவனுக்கு எஞ்சியது 'கிருமி' என்னும் ஒரு சொல். அதுவும் நோயோடு மட்டும் ஒட்டிய சொல்.

இக்'கிருமி' உண்பது யாது? கரியமிலவாயு என மக்கள் வழங்கும் கரிவளி. காற்றின் பத்து இலக்கம் பங்கில் அது ஏறத்தாழ 420 பங்கே. அத்துணை அரிய பொருளைப் பற்றும் உரூபிசுக்கோ என்னும் நொதியோ பெருஞ்சோம்பேறி. நொடிக்குப் பல இலக்கம் வினை முடிக்கும் நொதிகளும் உள்ள உலகில், இது நொடிக்குச் சில வினைகளே முடிக்கும். போதாக்குறைக்குக் கரிவளி என்று உயிர்வளியையும் பற்றி, ஈட்டியதில் இழப்பும் செய்யும்.

இக்குறையை அந்நுண்ணுயிரி வென்ற வகை வியத்தற்குரியது. நீரிற் கரைந்த கரிவளி, பைகார்பனேட்டு என்னும் மின்னேற்ற வடிவம் கொள்ளும். கிணற்று நீரை ஏற்றத்தால் இறைப்பதுபோல் அதனை உள்ளே இறைத்து நிரப்புகிறது. மின்னேற்றமுடைய பொருள் கண்ணறையின் கொழுப்புறையை எளிதிற் கடந்து தப்பாது. உள்ளே புரதத்தால் அமைந்த பன்முக நுண்ணறைகள் உள, கார்பாக்சிசோம் என்பர், கரியறை எனலாம். சோம்பல் நொதி அதனுள் செறிந்திருக்கும். உடனுறையும் விரைவு நொதியொன்று பைகார்பனேட்டை மீண்டும் கரிவளியாக்கும். அவ்வளி கசியாதவாறு அறைச்சுவர் தடுக்கும். ஆக, நொதி விரைவடையவில்லை. அதன் வாயருகே உணவு குவிந்தது! இவ்வறைகளைப் பிரித்தெடுத்து உள்ளிருப்பதைக் கண்டவர், 1973-இல், அமெரிக்க அறிஞர் சைவ்லியும் உடனாய்வாளரும். அவர்கள் எடுத்துக்கொண்டது கதிரொளி வேண்டாது கந்தகத்தால் வாழும் வேறொரு நுண்ணுயிரி.

பின் நடப்பது நகரத்தார் கணக்கேட்டை ஒத்தது. ஐங்கரிச் சருக்கரை மூன்றும் கரிவளி மூன்றும் சேர்ந்து முக்கரிப் பொருள் ஆறு பிறக்கும். அவற்றுள் ஐந்து மீண்டும் ஐங்கரிச் சருக்கரை மூன்றாகும். எஞ்சிய ஒன்றே ஊதியம். முதல் ஒரு காசும் குறையாது! இவ்வாணிகத்துக்கு வேண்டும் ஆற்றலைச் சுவர்க்கருமை கதிரொளியால் பெற்று, நீரைப் பிளந்து உயிர்வளியை வெளிவிடுகிறது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகட்கு முன் உலகக் காற்றில் உயிர்வளி பெருகத் தொடங்கியது இவற்றின் முன்னோராலேயே.

பிறர் ஆக்கிய உணவை உண்டு வாழும் நுண்ணுயிரிகள் கரிவளியை வெளிவிட மட்டுமே வல்லன என்று நெடுநாள் எண்ணினர். உட்டு, வெர்க்குமன் என்னும் இருவர் 1930-களின் இடையில் அவையும் அதனைப் பற்றுவதைக் காட்டினர். முதலில் ஐயுற்றோரே மிகுதி. கொழுப்பு ஆக்கும்போது கரிவளி ஒரு கைப்பிடிபோல் ஒட்டப்பட்டு, வேலை முடிந்ததும் விடுபட்டு, மீண்டும் பயன்படுகிறது. மாந்தர் உடலிலும் அவ்வாறே.

புகைபோக்கிகள் கக்குவதையெல்லாம் நுண்ணுயிரி விழுங்கிவிடும் என்போர் இன்று உளர். 2019-இல் இசுரேல் வெய்சுமன் ஆய்வு நிறுவனத்தார், எசரிக்கியா கோலி என்னும் குடல்வாழ் நுண்ணுயிரி தன் உடற்கரி முழுவதையும் கரிவளியினின்றே ஆக்கிக்கொள்ளுமாறு செய்தனர். அரிய செயலே! ஆனால் அதற்கு ஆற்றல் தந்தது எறும்புக் காடியின் உப்பு. அதனைச் சிதைக்கையில் வெளிவந்த கரிவளி, பற்றியதினும் மிகுதி. கணக்கின் இப்பக்கத்தையும் படித்தல் வேண்டும்.

சுவர்க்கருமையின் கணக்கும் ஏறத்தாழ அன்னதே. அது மடிந்தால் பிற நுண்ணுயிரிகள் அதனை உண்டு கரிவளியைக் காற்றுக்கே திருப்பும். சேற்றிலும் கல்லிலும் புதையுண்ட சிறுபகுதியே தங்கும். கடப்பைப் படுகையின் வேம்பள்ளிப் பாறைகளில் இவற்றின் பண்டைக் கூட்டங்கள் அடுக்கடுக்காய்ப் படிவித்த சுண்ணம் இன்றும் கல்லாய் நிற்கிறது. செட்டிநாட்டுச் சுவரிலோ இரண்டும் அருகருகே. காளவாயில் இழந்த கரிவளியைக் காற்றினின்று மெல்லத் திரும்பப் பெற்றே அச்சுண்ணச் சாந்து இறுகிற்று. பெற்றதை விடாது வைத்திருக்கிறது. அதன்மேற் குடியேறிய கருமை, மழைதோறும் பற்றுகிறது, மடியுந்தோறும் விடுகிறது.